புரோமோவில் விடியல்: ஜீப் ஏன் 3 மணிக்கே கிளம்புகிறது?

பள்ளி விடுமுறையில் ஜொகூரிலிருந்து கிழக்கு ஜாவாவுக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் பல. அவர்கள் கையில் இருக்கும் பயணத் திட்டத்தில் 'அதிகாலை 3 மணி: ஜீப், புரோமோ எரிமலையில் சூரிய உதயம்' என்றொரு வரி இருக்கும். தூக்கத்தைக் கெடுத்து, குளிரில் நடுங்கி, குலுங்கும் வண்டியில் ஏறி எதற்காக அந்த நேரத்தில் போக வேண்டும்? ஆறு மணிக்குப் போனால் எரிமலை ஓடிவிடுமா?

எரிமலை ஓடாது. நீங்கள் பார்க்கப் போகும் காட்சி ஓடிவிடும். அந்தக் காட்சியை உண்டாக்கும் காற்றின் அமைப்பு விடிந்த பிறகு சில மணி நேரத்தில் கலைந்துவிடும். அதே அமைப்புக்கு ஆபத்தான ஒரு பக்கமும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் கடிகாரக் கணக்கு. கிழக்கு ஜாவாவின் நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. அதோடு புரோமோ நமக்குக் கிழக்கே 9 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், சூரியன் அங்கே 37 நிமிடம் முந்தி எழும். இரண்டும் சேர்ந்துதான், ஜொகூர் பாருவில் 7 மணி வாக்கில் வரும் சூரியன் அங்கே அவர்கள் கடிகாரப்படி 5 மணிக்கும் 5.40-க்கும் இடையில் வந்துவிடுகிறது. கீழ்வானில் முதல் வெளிச்சம் அதற்கும் ஏறத்தாழ 70 நிமிடம் முன்பே தொடங்கும். பெனஞ்சாக்கான் என்ற காட்சி முனை 2,770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும். மறைக்க மலை ஏதும் இல்லாவிட்டால், கடற்கரையில் நிற்பவரைவிட 6 நிமிடம் முந்தியே சூரியன் கண்ணில் படும். மலைப்பாதைப் பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 3 மணி என்பது நியாயமான நேரம்தான்.

மேலே போய் நின்றதும் முதலில் தாக்குவது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கடலோரத்தில் 24 பாகை என்றால் பெனஞ்சாக்கானில் 6, 7 பாகைதான். ஜூலை, ஆகஸ்டில் சில இரவுகளில் தரையில் உறைபனியே படியும். உள்ளூர்க்காரர்கள் அதை 'எம்புன் ஊப்பாஸ்' என்பார்கள். பயிரைக் கருக்கிவிடுவதால் வந்த பெயர் அது: நச்சுப் பனி. கேமரன் மலைக்கு வாங்கிய குளிர்ச்சட்டை இங்கே போதாது.

வெளிச்சம் வர வர, கீழே ஒரு பள்ளம் தெரியும். அதன் பெயர் 'லாவுத்தான் பாசிர்'. மலாய் தெரிந்த நமக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை: மணல் கடல். ஒரு காலத்தில் இங்கே தெங்கர் என்ற பெரிய எரிமலை இருந்தது. பெரும் வெடிப்புகளில் அதன் அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியதும், தாங்க ஆள் இல்லாத கூரைபோல மலையின் நடுப்பகுதி உள்வாங்கிச் சரிந்தது. அப்படி உண்டான பெருங்கிண்ணத்தின் தரைதான் மணல் கடல். அந்தத் தரையில் பிறகு முளைத்த சிறு எரிமலைகளில் ஒன்றுதான் 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோ.

ஓர் எச்சரிக்கை: படங்களில் முன்னால் அழகாக, மடிப்பு மடிப்பாக நிற்கும் கூம்பைப் பார்த்து அதுதான் புரோமோ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாத்தோக். அடங்கிப்போன மலை. பக்கத்தில் தலை வெட்டுண்டதுபோல் நின்று புகை விடுவதே புரோமோ. பின்னால் தொலைவில் உயர்ந்து நிற்பது 3,676 மீட்டர் செமெரு, ஜாவாவின் மிக உயர்ந்த சிகரம். பிரம்மாவின் பெயர்தான் புரோமோ ஆனது, மகாமேருவே செமெரு. இங்கு வாழும் தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். 'யட்ஞ கசாடா' விழாவில் விளைச்சலையும் கோழி, ஆடுகளையும் புரோமோவின் வாய்க்குள் காணிக்கையாகப் போடுகிறார்கள்.

இனி அந்த மூடுபனிக்கு வருவோம். பெருங்கிண்ணம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெண்பனி நிறைந்திருக்க, மலைகள் தீவுகளாக மிதக்கும். இதற்காகத்தான் எல்லாரும் வருகிறார்கள். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. உலர்ந்த மணல் இதில் மிக வேகம். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவுகளில் வழிந்து, கிண்ணத்தின் அடியில் தேங்குகிறது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும். இங்கே கொஞ்ச உயரம் வரை தலைகீழாக, கீழே குளிரும் மேலே சற்று வெப்பமுமாக இருக்கும். கனமான காற்று அடியில், இலேசான காற்று மேலே. இரண்டும் கலக்காது. பானைக்கு மூடி போட்ட மாதிரி. அடியில் உள்ள ஈரம் பனியாகத் திரண்டு, மூடிக்குக் கீழே சமதளமாகப் பரவி நிற்கிறது. சூரியன் எழுந்து மணலைச் சுட்டதும் அடிக்காற்று இலேசாகி மேலேறும். மூடி உடையும். பனி கலையும்.

செமெருவையும் கவனியுங்கள். 1967 முதல் ஏறத்தாழ ஓயாமல் இயங்கிவரும் மலை அது. அதன் குழாயின் வாயில் பாறைக்குழம்பு ஆறி அடைப்பாக நிற்கும், அடியில் வாயு அழுத்தம் ஏறும், அடைப்பு உடைந்து ஒரு சாம்பல் உருண்டை கிளம்பும், மறுபடி அடைக்கும். சில காலங்களில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். புரோமோவோ தொடர்ந்து வெண்புகை விடும். அதில் பெரும்பகுதி நீராவி.

இந்த மலைகள் ஏன் அங்கே மட்டும் வரிசையாக நிற்கின்றன, ஜொகூரில் ஏன் இல்லை? ஜாவாவுக்குத் தெற்கே கடலடியில் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, ஆண்டுக்கு 6, 7 சென்டிமீட்டர் வீதம் நம் சுண்டா தட்டுக்கு அடியில் நுழைகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் போனதும் அதிலுள்ள நீர் பிழிந்து வெளியேறி, மேலே உள்ள சூடான பாறைக்குள் புகுகிறது. உப்புப் போட்டால் பனிக்கட்டி சீக்கிரம் உருகுவதுபோல, நீர் புகுந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். அந்த 100 கிலோமீட்டர் கோட்டுக்கு நேர் மேலேதான் சுமத்ரா, ஜாவா, பாலி எரிமலைகள் நிற்கின்றன. ஜொகூர் அந்தக் கோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. சுமத்ராவின் மராப்பி எரிமலை ஜொகூர் பாருவிலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பால்.

என்றாலும் நம் மாநிலம் நெருப்பையே அறியாத மண் அல்ல. லேடாங் மலையின் கருங்கல், பூமிக்குள்ளேயே ஆறி இறுகிய பாறைக்குழம்பு. சிகாமட் பகுதியில் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியே வழிந்து ஆறிய எரிமலைப் பாறை இருக்கிறது. மண்ணியலில் 'சிகாமட் தொடர்' என்று பெயர் பெற்ற ஆழமான செந்நிற மண், அத்தகைய எரிமலைப் பாறை மக்கி வந்ததே. ரப்பருக்கும் செம்பனைக்கும் உகந்த மண் என்று அதற்குப் பெயர். அங்கே பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் ஒரு பழைய எரிமலையின் மேல்தான் நடந்தார்கள்.

சரி, ஜீப்புக்குத் திரும்புவோம். காட்சி முடிந்ததும் பெனஞ்சாக்கானிலிருந்து மணல் கடலுக்கு இறங்க வேண்டும். உயர வேறுபாடு சுமார் 650 மீட்டர். ஆட்களோடு 2 டன் எடையுள்ள வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 லிட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது முழுவதையும் பிரேக்கிலேயே வாங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தும் பிடிக்காத நிலைக்குப் போய்விடும். நல்ல ஓட்டுநர் தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினின் இழுவையிலேயே வண்டியை அடக்கி இறக்குவார். எஞ்சின் உறுமுகிறதே என்று அஞ்ச வேண்டாம். அந்த உறுமல் நல்லது. மாறாக, வண்டி ஓசையின்றி வேகமாக இறங்கி, எரிந்த நாற்றமும் வந்தால், நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மணலில் பிரச்சினை வேறு. நம் தோட்டத்துச் சேற்றில் வண்டி ஓட்டியவர்களுக்குப் பல் ஆழமான டயர் வேண்டும் என்று தெரியும். பல் சேற்றைக் கவ்வும். உலர்ந்த மணலில் அந்தப் பல் குழிதான் தோண்டும். இங்கே தேவை பரப்பு. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் அது தட்டையாகி அதிக இடத்தில் படியும்; வண்டியின் எடை பரவும்; சக்கரம் புதையாது. நான்கு சக்கரமும் தள்ளுவதால் ஒவ்வொன்றும் மணலை உதைக்கும் வேகம் குறையும். மழைக்காலத்தில் மணல்மணிகளை நீர் ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் தரை இறுகிக் கிடக்கும். விடியல் தெளிவாகத் தெரியும் மே முதல் செப்டம்பர் வரையிலான உலர்காலத்தில்தான் வண்டிகள் புதையும். ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பல் அல்ல, பொடித்த கண்ணாடியும் பாறையும். கீறிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணுக்கும் இதே விதிதான்: தேய்க்காமல் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று மூக்குக்கண்ணாடி அணிவது நல்லது.

ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடந்து, சுமார் 250 படிகள் ஏறினால் புரோமோவின் வாய். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், மூச்சு வாங்கும். முன்பு சொன்ன பானை மூடி இங்கேதான் முக்கியமாகிறது. பனியை அடைத்து வைக்கும் அதே தேங்கிய காற்று, மலை விடும் வாயுவையும் அடைத்து வைக்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, நிறமும் மணமும் இல்லாதது, பள்ளத்தில் தேங்கும். 1979 பிப்ரவரியில் நடு ஜாவாவின் டியெங் மேட்டுநிலத்தில், விடியுமுன் வெடிப்புக்கு அஞ்சி ஓடிய கிராமத்தார் இந்த வாயுவுக்குள் சிக்கினார்கள். 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆகவே இருட்டில் தனியாகப் பள்ளங்களில் இறங்கிப் படமெடுக்கும் ஆசை வேண்டாம். எரிமலை வாய்க்கு, வெயில் ஏறிக் காற்று அசையத் தொடங்கிய பிறகு போவதே சரி. கந்தக டை ஆக்சைடு தொண்டையைக் கரிக்கும் என்பதால் அது வருவது தெரியும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறிதளவே மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் படியேற்றாமல் கீழேயே ஒருவர் துணையோடு இருத்துங்கள். காட்சிக்கு ஒன்றும் குறைவில்லை.

இதைவிடக் கடினமானது, முன்னறிவிப்பில்லாத வெடிப்பு. புதிய பாறைக்குழம்பு மேலேறினால் நிலம் அதிரும், கருவிகள் காட்டும். ஆனால் ஏற்கெனவே சூடான பாறைக்கு இடையில் சிக்கிய நீர் திடீரென ஆவியானால், கன அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகி, மேலுள்ள கல்லைத் தூக்கி எறியும். இதற்கு முன்குறி மிகக் குறைவு. 2004 ஜூன் 8-ஆம் தேதி புரோமோ திடீரென வெடித்தபோது, பறந்து வந்த கற்களால் இருவர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 3-ஆம் தேதி மராப்பி வெடித்ததில் 24 மலையேறிகள் மாண்டார்கள்.

இந்தோனேசியாவின் எரிமலை ஆய்வு மையம் ஒவ்வொரு மலைக்கும் நான்கு நிலைகளை அறிவிக்கிறது: நோர்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். கடைசிச் சொல்லை நம் ஊர்ச் சாலைப் பலகைகளிலேயே பார்த்திருக்கிறோம். மராப்பி அன்று இருந்தது நான்காவது நிலையில் அல்ல, இரண்டாவது நிலையில்தான். ஆனால் அந்த நிலையிலேயே, எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போக வேண்டாம் என்று மையம் சொல்லியிருந்தது. நிலையின் எண்ணைவிட, அதோடு சொல்லப்படும் தூரமே பயணிக்கு முக்கியம். புரோமோவுக்கு இரண்டாம் நிலை அறிவிக்கும்போது 1 கிலோமீட்டர் என்பார்கள். அப்படியானால் படிகள் அந்த வட்டத்துக்குள். பெனஞ்சாக்கான் வட்டத்துக்கு வெகு வெளியே.

'மாக்மா இந்தோனேசியா' என்ற அந்த மையத்தின் செயலியில் அன்றைய நிலையும் தூரமும் இருக்கும். ஜீப் ஏறுவதற்கு முந்தைய மாலை அதைப் பார்த்துவிட்டு, "நாளை எதுவரை போகலாம்?" என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். மலாயிலேயே கேட்கலாம், அவருக்குப் புரியும். மேலே எதுவும் ஆகாது, எல்லாரும் போகிறார்கள் என்று மட்டும் பதில் வந்தால், பெனஞ்சாக்கானோடு திரும்பிவிடலாம்.