காணொளியின் முகப்புப் படம்: தோற்றமும் மறைவும்

வலைப்பக்கமொன்றில் காணொளி ஓடத் தொடங்குமுன் அதனிடத்தே நிலையான படமொன்று தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். இம்முகப்புப் படம் காணொளியின் பகுதியன்று. தனியே அனுப்பப்படும் வேறொரு படமாகும். அது எப்பொழுது தோன்ற வேண்டும், எப்பொழுது மறைய வேண்டும் என்பது நுட்பவியலாளரின் சிறு பிரச்சினை போலத் தோன்றலாம். உண்மையில் பார்வையாளரின் செலவும் சம்மதமும் இதிலே தங்கியுள்ளன.

முன்னர் காணொளிகள் பெரும்பாலும் பிளாஷ் என்னும் தனியார் மென்பொருளினூடாகவே ஓடின. 2007இல் ஒப்பரா நிறுவனத்தார் காணொளிக்கெனத் தனி உறுப்பொன்றை முன்மொழிந்தனர். 2014 ஒக்டோபரில் எச்.ரி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு நியமமாக வெளியானபோது அவ்வுறுப்பும் அதனுடன் 'போஸ்டர்' என்னும் பண்பும் பொதுவுடைமையாயின.

நியமத்தின்படி ஒவ்வொரு காணொளி உறுப்பும் முகப்புப் படத்தைக் காட்டலாமா என்னும் அடையாளமொன்றை உள்ளே கொண்டுள்ளது. காட்சித் தரவு எதுவும் வந்துசேராத வேளையிலும், முதற்காட்சியில் ஓடாது நிற்கும் வேளையிலும் படம் தோன்றும். ஓட்டம் தொடங்கியதும், அல்லது பார்வையாளர் வேறோர் இடத்துக்குத் தாவியதும், அவ்வடையாளம் நீங்கிவிடும். ஆதலின் இடையிலே நிறுத்தினாலும், முடிவுவரை ஓடினாலும் முகப்புப் படம் திரும்பி வருவதில்லை. இறுதிக் காட்சியே உறைந்து நிற்கும். அது பெரும்பாலும் வெறுங் கருந்திரையாக அமைவதால், படம் மீள வரவேண்டுமென விரும்புவோர் பலர். ஓட்டம் முடிந்ததை அறிவிக்கும் நிகழ்வின்போது 'லோட்' என்னும் கட்டளையை அழைத்தால் அடையாளம் மீண்டும் இடப்படும். ஆயின் தரவு மறுபடியும் இறக்கப்படக்கூடும். தானாக ஓடும் பண்பும் உடனிருப்பின் காணொளி ஓயாது சுழலும். காணொளியின்மேல் தனிப் படமொன்றைப் பரப்பி வேண்டியபோது நீக்குவதே இதனினும் சிறந்த வழி எனலாம்.

தரவுக்குப் பணம் செலுத்திப் பார்ப்பவர் பொருட்டு 'பிரிலோட்' என்னும் பண்பையும் நோக்குதல் வேண்டும். அதற்கு 'நன்' என மதிப்பிட்டால், பார்வையாளர் இயக்கும்வரை காணொளியை இறக்க வேண்டாம் என உலாவிக்கு உணர்த்தப்படுகிறது. இது வேண்டுகோளேயன்றிக் கட்டாயமன்று. இவ்வேளையில் முகப்புப் படமும் இல்லாவிடின் எஞ்சுவது வெற்றிடமே. எனவே பாரங்குறைந்த படமொன்றை இட்டு, காணொளியை இறக்காது வைத்தல் வறிய பயனாளருக்கு உகந்ததாகும்.

தானாக ஓடும் ஏற்பாட்டிலோ முகப்புப் படம் தன் பணியையே இழந்துவிடுகிறது. 2015 ஆகஸ்ட் 26ஆந் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் தொலைக்காட்சிச் செய்தியாளர் இருவர் நேரடி ஒளிபரப்பின்போது சுட்டுக்கொல்லப்பட்டனர். கொலையாளி தான் பதிவுசெய்த காட்சியை டுவிற்றரிலும் முகநூலிலும் இட்டான். அங்கு காணொளிகள் தாமாகவே ஓடியமையால், பார்ப்பதா விடுவதா எனத் தீர்மானிக்க அவகாசமின்றிப் பலர் அக்கொலையைக் கண்டனர். ஓடுமுன் ஒரு படமும், இயக்குவதற்கோர் அழுத்தமும் அங்கு இருந்திருப்பின் அத்தெரிவு அவர்களிடமே இருந்திருக்கும். அப்படமும் கொலைக் காட்சியிலிருந்தே எடுக்கப்பட்டிருப்பின் பயனில்லை என்பது வேறு விடயம்.