கடைமடை வரை காற்று சேர்கிறதா?

இரவில் இருமல் உறக்கத்தைக் கலைக்கிறது. பௌர்ணமி கிரிவலத்தில் பாதி வழியிலேயே நெஞ்சு இறுகுகிறது. ஆயினும், ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதும் பரிசோதனையின் அறிக்கை 'இயல்பு நிலை' என்கிறது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். சிலர் அவ்வறிக்கையை நம்பி, நாள்தோறும் எடுக்க வேண்டிய இன்ஹேலரையே நிறுத்திவிடுகின்றனர். அறிக்கையில் பிழை இல்லை. நோயாளி கூறுவதும் பொய்யன்று.

மூச்சுக்குழல் இரண்டிரண்டாகக் கிளைத்து, ஏறத்தாழ 23 படிகள் இறங்கிக் காற்று நுண்ணறைகளைச் சென்றடைகிறது. அவற்றுள் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த உள்விட்டம் உடையவையே நுண் மூச்சுக்குழல்கள். திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடையிலிருந்து புறப்படும் நீர் எண்ணற்ற சிறு வாய்க்கால்களாகப் பிரிகிறது. அவற்றுள் சில தூர்ந்து போனாலும் மடையருகே நிற்பவருக்கு நீரோட்டத்தில் மாற்றம் தெரியாது. கடைமடை விவசாயிதான் முதலில் அறிவார்.

நுரையீரலிலும் இதுவே நிகழ்கிறது. நுண்குழல்கள் தனித்தனியே குறுகியவை. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவை ஆதலால், காற்றோட்டத்திற்கு அவை தரும் மொத்தத் தடை மிகச் சிறிது என்பதை 1967-இல் மேக்லம், மீட் ஆகிய இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். அவற்றுள் பல அடைபட்ட பின்னரும் பழைய அளவீடுகள் அசையாதிருக்கக்கூடும். அதனால்தான் மீட் 1970-இல் அப்பகுதியை நுரையீரலின் 'அமைதி மண்டலம்' என அழைத்தார்.

ஸ்பைரோமெட்ரியில் முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு பெரும்பாலும் பெருங்குழல்களின் நிலையையே உணர்த்துகிறது. ஊதலின் நடுப்பகுதியில் காற்று செல்லும் வேகம் நுண்குழல்களைப் பற்றி ஓரளவு குறிப்பு தரும். எனினும் அவ்வெண் ஒவ்வொரு முறையும் மிகவும் மாறுபடுவதால், அதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

இக்குறையை ஈடுசெய்ய உதவுவது ஆசிலோமெட்ரி. இதில் பலங்கொண்டு ஊதத் தேவையில்லை. நிமிர்ந்து அமர்ந்து, மூக்கில் கவ்வியைப் பொருத்தி, கருவியின் வாய்க்குழலை உதடுகளால் இறுகப் பற்றி, கன்னங்களை இரு கைகளாலும் தாங்கியவாறு ஏறத்தாழ அரை நிமிடம் இயல்பாக மூச்சு விட்டால் போதும். கன்னத்தைத் தாங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். தாங்காவிடில் அலைகள் கன்னத்திலேயே தேய்ந்துவிடும். கருவி மெல்லிய அழுத்த அலைகளை உள்ளே அனுப்புகிறது. விநாடிக்கு 5 முறை அதிரும் அலை நுண்குழல்கள் வரை செல்லும். 20 முறை அதிரும் அலை பெருங்குழல்களோடு நின்றுவிடும். இவ்விரண்டிலும் பதிவாகும் தடைகளின் வேறுபாடு மிகுந்தால், கோளாறு கடைமடையில் உள்ளது என மருத்துவர் கருத இடமுண்டு. பலமாக ஊதத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கும், தளர்ந்த முதியோருக்கும் இது ஏற்றது. ஆழ்ந்த மூச்சு குழல்களின் இறுக்கத்தையே மாற்றிவிடும் என்பதால், ஒரே நாளில் இரண்டும் செய்வதானால் ஆசிலோமெட்ரியே முதலில் நடைபெறும்.

ஒன்பது நாடுகளில் 773 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வில், ஏதேனும் ஓர் அளவீட்டின்படி நுண்குழல் குறைபாடு உடையோர் 91 விழுக்காட்டினர். லேசான ஆஸ்துமா உடையோரிடமும் அது காணப்பட்டது. இவ்வெண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பல அளவீடுகளில் ஒன்று பிறழ்ந்தாலும் கணக்கில் சேர்க்கப்பட்டது என்பதை மறவாதீர்.

முடிவு எவ்வாறு பயன்படும்? மருந்தின் அளவைக் கூட்டும் முன், அது சேர வேண்டிய இடத்தைச் சேர்கிறதா என மருத்துவர் ஆராய்வார். பெரிய துகள்கள் தொண்டையிலேயே படிந்துவிடும். நுண்துகள்களே உள்ளே செல்லும். தேவையெனில் நுண்துகள் இன்ஹேலருக்கு மாற்றுவார். ஆனால் அழுத்தித் தெளிக்கும் இன்ஹேலரை வேகமாக உறிஞ்சுவோருக்கு எந்த மருந்தும் முழுப்பயன் தராது. அதை மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, 10 விநாடி வரை மூச்சை அடக்க வேண்டும். பொடி இன்ஹேலருக்கோ இதற்கு நேர்மாறாக வேகமான இழுப்பு வேண்டும்.

இப்பரிசோதனை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதன்று, எல்லோருக்கும் தேவையுமன்று. உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டால், இன்ஹேலரை எத்தனை மணி நேரத்திற்கு முன் தவிர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். தாமாகவே நிறுத்த வேண்டாம். மூச்சுத்திணறல் மிகுந்தால் பரிசோதனைக்காகப் பொறுத்திராமல் நிவாரண மருந்தை உடனே எடுத்துக்கொண்டு, அதைப் பின்னர்த் தெரிவியுங்கள். வரும்போது உங்கள் இன்ஹேலரையும் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டில் எப்படி எடுக்கிறீர்களோ அப்படியே செவிலியர் முன் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.