வெயிலில் லேசர் டேக் கிரணம் தொலைந்து போகாதது ஏன்?

ஒளியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் லேசர் டேக் என்ற பெயரைக் கேட்டு, அந்த விளையாட்டுத் துப்பாக்கியிலிருந்து லேசர்க் கற்றையே பாய்வதாகப் பலரும் எண்ணுகிறார்கள். விழித்திரைக்குத் தீங்கு விளைக்கக்கூடிய அதனை விடுத்து, தொலைக்காட்சி ரிமோட்டில் உள்ளது போன்ற, 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி.யைத்தான் வீட்டில் கருவி செய்பவர்கள் பெரும்பாலும் பொருத்துகிறார்கள்.

ஆயினும் சூரிய கிரணத்திலும் அகச்சிவப்பு ஏராளமாக உண்டே, அந்தப் பிரவாகத்தில் இச்சிறு ஒளி கரைந்துபோகாதது எப்படி? ரகசியம் துடிப்பில் இருக்கிறது. ஆர்டுயினோ போன்றதொரு சிறு மின்பலகை எல்.இ.டி.யை விநாடிக்கு 38,000 தடவை ஏற்றி அணைக்க, எதிராளியின் மார்புக் கவசத்திலுள்ள மூன்று கால் ஏற்பியோ, ஸ்திரமாக வந்து விழும் வெயிலைப் புறக்கணித்து, அந்த ஒரு தாளத்துக்கே செவிசாய்க்கிறது. அத்துடிப்பு நீண்டதும் குறுகியதுமான துண்டுகளாக அனுப்பப்படுவதால், சுட்டவர் யார், எந்த அணியினர் என்ற விவரமும் அதிலேயே அடங்கிவிடுகிறது. இடைவெளியின்றித் துடித்துக்கொண்டே இருந்தால், அதனை இரைச்சலாகப் பாவித்து ஏற்பி தன் கூர்மையைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது, எனக்கு மிகுந்த ஆச்சரியம் அளித்த விஷயம்.

இந்த ஒளி வெகுதூரம் செல்ல ஒரு குவிவில்லை போதும்: அதன் குவியத்தில் எல்.இ.டி.யை வைத்தால், விரிந்து சிதறும் கிரணங்கள் ஏறத்தாழ இணையாகப் பாயும். குவியத்தினின்று சற்றே விலகினாலும் கற்றை அகன்றுவிடுமாதலால், துப்பாக்கியின் குழாய்க்குள் எல்.இ.டி.யை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துப் பொறுமையாகவே நிலைநிறுத்த வேண்டும்.