மாகாண சபைத் தேர்தல் ஏன் வரவில்லை?

"பாராளுமன்றத்துக்குப் போட்டோம், பிரதேச சபைக்கும் போட்டோம். மாகாண சபைக்கு எப்ப தம்பி?" உடப்புசல்லாவையில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்.

மத்திய மாகாணமும் வடக்கும் கடைசியாக மாகாண சபைக்கு வாக்களித்தது ஒரே நாளில்: 2013 செப்டெம்பர் 21. இரண்டு சபைகளின் பதவிக்காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் நிர்வாகம்தான்.

முடிச்சு விழுந்தது பாராளுமன்றத்தில். 2017இல் விகிதாசார முறையை எடுத்துவிட்டுக் கலப்பு முறையைச் சட்டமாக்கினார்கள். அதற்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறையும் போனது, புதியதும் வரவில்லை.

சட்டத்தைத் திருத்தினால் பழைய முறையிலேயே தேர்தல் வைக்கலாம். 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வென்றது 225இல் 159 ஆசனங்கள். எண்ணிக்கை குறைவென்று யாரும் சொல்ல முடியாது.

அக்காவின் மகள் படிப்பது மாகாணப் பாடசாலையில். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று போய்ச் சொல்ல, அவர் வாக்களித்த மாகாண சபை உறுப்பினர் எவரும் இன்று இல்லை.