பார்த்தீனியம்: புல் விலகிய இடத்தில் வேரூன்றும் களை

சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகிய தானியப் பயிர்களும் மேய்ச்சல் நிலத்துப் புற்களும் முளைக்கும்போது ஒற்றை விதையிலை விடும் ஒருவித்திலைத் தாவரங்கள். இரண்டு விதையிலைகளோடு முளைத்துப் பின் அகன்ற இலைகளை விரிக்கும் இருவித்திலைக் களைகளையே வேளாண் துறையினர் அகன்ற இலைக் களைகள் என்கின்றனர். அவற்றுள் இந்திய உழவரை மிகவும் வருத்துவது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து.

இக்களையின் வலிமை அதன் விதையில் இருக்கிறது. முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் பூக்கத் தொடங்கி, நன்கு வளர்ந்த ஒரு செடியே 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடும் என்பதாலும், மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் முளைப்புத்திறனோடு காத்திருக்கும் என்பதாலும், பூத்த பின் செய்யப்படும் களையெடுப்பு பெரும்பாலும் காலங்கடந்த உழைப்பாகிவிடுகிறது. தரையோடு ஒட்டி இலைக்கொத்தாக இருக்கும் பருவத்தில், மண் ஈரமாக உள்ளபோது, வேரோடு பிடுங்குவதே பயன் தரும். மேலே மட்டும் வெட்டினால் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். செடியிலுள்ள பார்த்தீனின் என்னும் நச்சுப்பொருள் தோல் அழற்சியையும் அதன் மகரந்தம் மூச்சு ஒவ்வாமையையும் உண்டாக்குவதால், களையெடுக்கும் பெண்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுப்பது நில உரிமையாளரின் கடமை.

தானிய வயலில் களைக்கொல்லி உதவுவதற்குக் காரணம் பயிருக்கும் களைக்கும் உள்ள உடலியல் வேறுபாடே. 2,4-டி என்பது தாவர வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலச் செயல்பட்டு அகன்ற இலைச் செடிகளைக் கட்டுப்பாடின்றி வளரச்செய்து முறுக்கிக் கொல்கிறது; புல்லினப் பயிர்கள், உரிய பருவத்தில் உரிய அளவில் தெளித்தால், பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் அதன் சாரல் காற்றில் பறந்து பக்கத்து வயலின் பருத்தியையும் தக்காளியையும் கருக்கிவிடும். களை முளைக்குமுன் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் தெளிக்கப்படும் அட்ரசினோ, ஊடுபயிராகப் பயறு வகைகளை விதைத்திருந்தால் அறவே கூடாது.

மேய்ச்சல் நிலத்தில் மருந்தைவிடப் புல்லே பெரிய காவல். கால்நடைகள் பார்த்தீனியத்தை ஒதுக்கிப் புல்லை மட்டும் மேய்வதால், அளவுக்கு மீறி மேய்க்கப்பட்ட நிலத்தில் புல் அடியோடு குறைந்து, வெறுமையான தரை முழுவதும் களைக்கு உரியதாகிறது. தீவனம் இன்றி அதையே தின்ன நேர்ந்தால் பாலில் கசப்பேறும், மிகுந்தால் உயிருக்கே ஊறு நேரும். எனவே மழைக்குப் பின் புல் தழைக்கும்வரை நிலத்துக்கு ஓய்வளித்து, சுழற்சி முறையில் மேய்ப்பதே இங்கு முதல் மருந்து.

பார்த்தீனியத்தின் இலையை அரித்துண்ணும் மெக்சிகன் வண்டு, அதைக் கட்டுப்படுத்த 1980களில் பெங்களூருவில் விடப்பட்டுப் பல மாநிலங்களுக்குப் பரவியுள்ளது. மழைக்காலத்தில் பெருகும் அவ்வண்டு வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடுவதால், பாசன வசதியில் ஆண்டு முழுதும் முளைக்கும் களையை அது மட்டுமே அடக்கிவிடாது. இதே களையால் பரந்த மேய்ச்சல் நிலங்களை இழந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், விதை ஒட்டிப் பரவாதிருக்க அறுவடை எந்திரங்களையும் வண்டிகளையும் கழுவுவதற்கென்றே இடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் அறுவடை எந்திரங்கள் தமிழகத்திலும் உள்ளன. வயலில் இறங்குமுன் அவற்றில் ஒட்டிய மண்ணையும் பதரையும் கழுவித் தள்ளுவது இங்கும் வழக்கமாக வேண்டும்.