பேர் சொல்லா மருந்து

வசம்பை 'வசம்பு' என்று சொல்லவே கூசுவார்கள் நம் பாட்டிமார். 'பிள்ளை வளர்ப்பான்' என்பார்கள். அவ்வளவு மரியாதை! சுட்டுக் கரியாக்கி, தாய்ப்பாலில் இழைத்து நாவில் தடவினால் வயிறு உப்பாது, பேச்சுத் திருந்தும், புத்தி தெளியும் என்று நம்பிக்கை.

ஆனால் வசம்பில் 'பீட்டா அசரோன்' என்றொரு பொருள் இருக்கிறது; நம் நாட்டு வசம்பில் அதிகமாகவே. அது எலிகளின் குடலில் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968-ல் வசம்பை உணவில் சேர்க்கவே தடை போட்டார்கள். சுட்டால் சரியாகிவிடும் என்று பச்சைக் குழந்தையிடமா பரீட்சை பார்ப்பது? முதல் 6 மாதம் தாய்ப்பால் போதும். டாக்டர் சொல்லாமல் தண்ணீர்கூட வேண்டாம்.

பேச்சு வர வேண்டுமா? காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது பாட்டி ஓயாமல் கொஞ்சுகிறாளே, அதுதான் மருந்து. கேட்கக் கேட்கத்தான் மூளையில் மொழி பதிகிறது.

வாங்கிவிட்ட வசம்பைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வையுங்கள், பூச்சி அண்டாது.