மழைக்கால வாசிப்புப் போட்டி

அடைமழையில் பிள்ளைகள் டி.வி.யே கதி என்று கிடந்ததால் வீட்டிலேயே ஒரு போட்டி வைத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் ஆளுக்கு மூன்று புத்தகம். ஒன்று பெண் எழுதியது, ஒன்று மொழிபெயர்ப்பு, ஒன்று மலைக் கதை. மொழிபெயர்ப்புக்கு நான் எடுத்தது சுந்தர ராமசாமி தமிழில் தந்த தகழியின் 'செம்மீன்'. மகளோ ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' (1963) ஒன்றிலேயே இரண்டு கணக்கை முடிக்கப் பார்த்தாள். கெட்டிக்காரிதான்!

"அது நீலகிரி கதை, நம்ம மலை இல்லே, செல்லாது" என்றான் மகன்.

எழுத்தே தெரியாத என் அத்தை பூண்டு உரித்தபடி, "பூ ஒண்ணுதானேடா! 12 வருஷத்துக்கு ஒருக்கா, அஞ்சு தடவை பூத்துப் பாத்தவ நான். எனக்குப் படிச்சுக் காட்டு, அப்புறம் சொல்றேன்" என்றார். 1970-ல் தொடங்கி 2018 வரை, கணக்கு சரிதான்.

இப்போது தினமும் ராத்திரி பத்துப் பக்கம் அவன்தான் வாசிக்கிறான். அப்பத்தா பெயரிலும் ஒரு புத்தகம் எழுதியாகிவிட்டது.

- ஒரு வாசகி, போளூர், கொடைக்கானல்.